28 மாத்திரை: ஒரு கிருத்திகையிலிருந்து அடுத்த கிருத்திகை வரை

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாகச் சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட்ல நான் ஒருத்திதான் பேசப் போறேன். பேர் சொல்லப் போறதில்லை. ஊர் திருத்தணி, வேலை ஸ்டாஃப் நர்ஸ். இதுக்கு மேல அடையாளம் வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். ஏன்னு கேட்டு முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

எங்க ஊரைத் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. சென்னையிலிருந்து திருப்பதி போற வழியில, ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற ஊர். மலை மேல முருகன். ஏறுறதுக்கு 365 படி, வருஷத்துல எத்தனை நாளோ அத்தனை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிஞ்சு இந்தப் பக்கம் சேர்ந்துச்சு. அதனால இன்னிக்கும் எங்க பக்கத்து வார்டுகள்ல ஒரு கட்டில்ல "வலிக்குது"ன்னு சத்தம் வரும், அடுத்த கட்டில்ல "நொப்பி"ன்னு வரும். ரெண்டுக்கும் திரும்பிப் பார்க்கணும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்க மஞ்சள் துணி, புஷ்பக் காவடி, மொட்டைத் தலை, அரோகரா. அப்ப நான் பக்கத்துல ஒரு சின்ன தனியார் நர்சிங் ஹோம்ல வேலை பார்த்துட்டு இருந்தேன். அன்னிக்கு மயக்கம், கால் சுளுக்கு, பைக்ல விழுந்தவங்கன்னு கேஸ் வந்துக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். தலையில அடிபட்ட ஒருத்தருக்கு முதலுதவி பண்ணி, ஆம்புலன்ஸ்ல சென்னைக்கு அனுப்பியாச்சு. அவர் கட்டில் பக்கத்துல இருந்த டிரேயை நான் எடுத்தேன். பஞ்சுக்கு அடியில மூடி போடாத ஊசி ஒண்ணு கிடந்துச்சு. ரத்தம் எடுத்த ஊசி. கையுறையைத் தாண்டி ஆள்காட்டி விரல்ல இறங்கிடுச்சு.

வலி ஒண்ணும் பெருசா இல்லை. எறும்பு கடிச்ச மாதிரிதான். கையுறையைக் கழட்டிப் பார்த்தா ஒரு சொட்டு ரத்தம். உடனே குழாயைத் திறந்து சோப்பு போட்டுக் கழுவினேன். அது சரி. ஆனா பதற்றத்துல விரலை அழுத்திப் பிழிஞ்சேன், ஸ்பிரிட் ஊத்தித் தேய்ச்சேன். அது ரெண்டும் தப்பு. ஓடுற தண்ணில சோப்பு போட்டுக் கழுவினா போதும். பிழியக் கூடாது, வாயில வைக்கக் கூடாது, காரமான மருந்து ஊத்தக் கூடாது. காலேஜ்ல பரீட்சைக்குப் படிச்சு மார்க் வாங்கின விஷயம் இது. கை நடுங்கும்போது ஞாபகம் வரலை.

மேலே இருக்கிறவங்ககிட்ட சொன்னேன். "ஒண்ணும் ஆகாதும்மா, வெளியில சொல்லாத"ன்னு பதில் வந்துச்சு. எச்.ஐ.வி. தடுப்புக்கு உடனே போட வேண்டிய மாத்திரை அங்க இல்லை. இருக்கணும்ங்கிறது சட்டம். 2017ல வந்து, 2018 செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், இந்த மாதிரி ஆபத்து உள்ள இடங்கள்ல வேலை பார்க்கிறவங்களுக்குப் பாதுகாப்பும் பயிற்சியும் இந்த மருந்தும் நிர்வாகம்தான் கொடுக்கணும்னு சொல்லுது. அன்னிக்கு எனக்கு அந்தச் சட்டமும் தெரியாது.

எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், நேரம். முடிஞ்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முதல் மாத்திரை போடணும். 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனம் இல்லை. வைரஸ் உள்ள போயிருந்தா, அது உடம்பு முழுக்கப் பரவி நிலைச்சுக்கிறதுக்கு முன்னாடி பெருக விடாம நிறுத்தணும். அதுதான் கணக்கு. கிருத்திகைக் கூட்டத்துல பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலயே நின்னுடுச்சு. எதிர்ல காவடிக் கூட்டம், நான் மட்டும் எதிர்த் திசையில நடக்கிறேன். ஒரு அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய்ச் சேர்ந்து, டாக்டர் எல்லாம் கேட்டு எழுதி, முதல் மாத்திரையை முழுங்கினப்ப ராத்திரி 10.40.

அந்த மாத்திரையைப் பத்திச் சொல்லிடறேன். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ரவிர் மூணும் சேர்ந்த ஒரே மாத்திரை. சுருக்கமா டி.எல்.டி. எச்.ஐ.வி. உள்ளவங்க தினமும் போடுறதும் இதேதான். தடுப்புக்குப் போடுறவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு, 28 நாள். டாக்டர் சொன்ன இன்னொரு கணக்கு மனசுல நின்னுடுச்சு. ஊசியில இருந்த ரத்தம் எச்.ஐ.வி. உள்ளவரோடதாவே இருந்தாலும், தொத்துறதுக்கு வாய்ப்பு ஆயிரத்துக்கு மூணுதான். எனக்கு அந்த ரத்தம் யாரோடதுன்னு தெரியும், அவருக்கு எச்.ஐ.வி. இருக்கான்னு தெரியாது. அவர் சென்னைக்குப் போயாச்சு, கேட்கவும் வழியில்லை. ஊசி உள்ளே குழலா இருக்கிறது, ரத்தம் இருந்துச்சு. "அதனால போட்டுடலாம்"னு டாக்டர் சொன்னாங்க. அடுத்த நாள் ஏ.ஆர்.டி. மையத்துல 30 மாத்திரை உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தாங்க.

இனிமேதான் நான் பேச வந்த விஷயம்.

முதல் நாள் ஒண்ணும் இல்லை. ரெண்டாவது நாள் காலையில எழுந்ததும் குமட்டல். பஸ்ல உட்கார்ந்தா வயிறு மேல வர்ற மாதிரி இருந்துச்சு. மூணாவது நாள் தலைவலி. ராத்திரி தூக்கம் வரலை, வந்தா நீளநீளமா கனவு. ஒரு கனவுல நான் 365 படியையும் கழுவிக்கிட்டே இருக்கேன், சோப்புத் தண்ணி கீழ வந்து சேரவே மாட்டேங்குது.

சாதாரணமா மருந்து சாப்பிட்டா, நோய் குறையுது, உடம்பு தேறுதுன்னு ஒரு பலன் தெரியும். காய்ச்சல் மாத்திரை கசந்தாலும் காய்ச்சல் இறங்குது. இதுல எனக்கு நோயே இல்லை. அனேகமா வரப் போறதும் இல்லை. நல்லா இருந்த உடம்பை மாத்திரைதான் கெடுக்குதுன்னு தோணும். அஞ்சாவது நாள் கையில மாத்திரையை வச்சுக்கிட்டு, "ஆயிரத்துல மூணுக்காகவா இது?"ன்னு யோசிச்சேன். இந்த மருந்தைப் பாதியில விடுறவங்க பலர் விடுறது இந்த இடத்துலதான்னு பின்னாடி கவுன்சலர் சொன்னாங்க.

அன்னிக்கு நான் மாத்திரையை விடலை. ஆனா விட்டதுக்குச் சமமா ஒரு காரியம் பண்ணேன். குமட்டலுக்கு வீட்டுல இருந்த அசிடிட்டி சிரப், அந்த பிங்க் கலர்ல இருக்குமே அது, மாத்திரையோட சேர்த்தே ரெண்டு மூடி குடிச்சேன். நல்லா கேட்டுச்சு. நாலு நாள் அப்படியே பண்ணேன்.

ஒன்பதாவது நாள் ஏ.ஆர்.டி. மையத்துக் கவுன்சலர் அக்கா போன்ல, "வேற என்னெல்லாம் சாப்பிடுற?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். ஒரு நிமிஷம் அமைதி. அந்த சிரப்புல அலுமினியம், மெக்னீசியம் இருக்கு. டோலுடெக்ரவிர் வயித்துக்குள்ள அதுங்களோட ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா ரத்தத்துல சேர வேண்டியது சேராம வெளியில போயிடும். நர்ஸ் நான். எனக்கே தெரியலை. பக்கவிளைவுக்கு நானா வைத்தியம் பண்ணி மருந்தையே வலுவில்லாம ஆக்கிட்டு இருந்திருக்கேன்.

அதனால இதைக் குறிச்சுக்கோங்க. அந்த மாதிரி அசிடிட்டி மருந்து கண்டிப்பா வேணும்னா, டோலுடெக்ரவிர் உள்ள மாத்திரையைப் போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிக்கணும். முதல்லயே குடிச்சுட்டா ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் மாத்திரை. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளிதான். ஆனா அது ரெண்டையும் சாப்பாட்டோட சேர்த்துப் போட்டா பிரச்சினை இல்லை. தலைவலிக்கு நம்ம ஊர்ல மெடிக்கல் ஷாப்ல கேட்டதும் கொடுக்கிற டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும் வேண்டாம். டெனோஃபோவிர் கிட்னி வழியா போற மருந்து, இதுவும் கிட்னிக்குப் பாரம். பாராசிட்டமால் போதும்னு சொன்னாங்க. சுகர் இருக்கிறவங்க மெட்ஃபார்மின் போடுறீங்கன்னா முதல் நாளே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அளவை மாத்த வேண்டியிருக்கலாம். டி.பி.க்கு ரிஃபாம்பிசின் போடுறவங்களுக்கும் அதே.

குமட்டலுக்கு அவங்க வேற மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. அதைவிட உதவினது ரெண்டு சின்ன மாத்தம். நான் ராத்திரி, வெறும் வயித்துல, யாரும் பார்க்காத நேரமா போட்டுட்டு இருந்தேன். அதைக் காலை டிபனுக்கு அப்புறம்னு மாத்தினாங்க. இந்த மாத்திரையைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். ஆனா சாப்பாடு உள்ள இருந்தா குமட்டல் குறையும். காலையில போட்டா தூக்கமும் திரும்ப வரும். மூணு நாள்ல ரெண்டும் பாதியாச்சு.

எங்க வார்டுல ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தாங்க. அவங்ககிட்ட மட்டும் சொல்லியிருந்தேன். அவங்க காலத்துல சிடோவுடின்தான் கொடுப்பாங்களாம். வாந்தி, அசதி, சிலருக்கு ரத்தத்துல ஹீமோகுளோபினே இறங்கிடும். ஆனா இந்த வைத்தியம் பலிக்கும்னு உலகத்துக்குக் காட்டினதும் அதே சிடோவுடின்தான். 1997ல வந்த ஒரு ஆய்வுல, அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலியில ஊசி குத்தின மருத்துவ ஊழியர்களை வச்சுப் பார்த்து, சிடோவுடின் போட்டவங்களுக்குத் தொற்று வர்ற வாய்ப்பு சுமார் 81 சதவீதம் குறைஞ்சதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் நெவிரபின்னு ஒரு மருந்தைத் தடுப்புக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. அதுல 22 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்து, ஒருத்தருக்குக் கல்லீரலே மாத்த வேண்டியதாச்சுன்னு 2001ல அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அறிவிச்சுச்சு. தடுப்புக்கு அந்த மருந்து வேண்டாம்னு முடிவாச்சு. நோய் இல்லாத ஆளுக்குக் கொடுக்கிற மருந்து தாங்கிக்கிற மாதிரி இருக்கணும்ங்கிறதை இப்படித்தான் கத்துக்கிட்டாங்க. இன்னிக்கு எனக்கு வெறும் குமட்டலோட போச்சுன்னா, அதுக்குப் பின்னாடி அவங்க பட்டது இருக்கு.

அதுக்கும் முன்னாடி? 1986ல மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலாங்கிற மாணவி பெண்கள்கிட்ட ரத்தம் சேகரிச்சு, ராத்திரி ரயில்ல வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனாங்க. இந்தியாவுல எச்.ஐ.வி. இருக்குன்னு முதல்ல தெரிஞ்சது அந்த ரத்தத்துலதான். காட்பாடிக்குப் போற ரயில் எங்க பக்கத்து அரக்கோணம் வழியாத்தான் போகும். அன்னிக்கு அவங்க கையில ஒரு ஊசி குத்தியிருந்தா, போடுறதுக்கு மாத்திரைன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது.

சரி, என் கதைக்கு வர்றேன். ரெண்டு வாரம் முடிஞ்சு ரத்தப் பரிசோதனை. கிரியேட்டினின் முன்ன 0.7, இப்ப 0.85. நர்ஸுக்கு இந்த நம்பர் போதும் தூக்கம் கெட. டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "டோலுடெக்ரவிர் போட்டா கிரியேட்டினின் வெளியேறுறது கொஞ்சம் மெதுவாகும், அதனால நம்பர் லேசா ஏறும். கிட்னி கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. ரொம்ப ஏறினா டெனோஃபோவிரைச் சந்தேகப்படணும், அதுக்குத்தான் பார்க்கிறோம்." ஆரம்பத்துலயே மஞ்சள் காமாலை பி வைரஸ் இருக்கான்னும் பார்த்திருந்தாங்க. இந்த மருந்து அதையும் அடக்கும். பி இருக்கிறவங்க 28 நாள் கழிச்சுச் சட்டுன்னு நிறுத்தினா கல்லீரல்ல அது திரும்பச் சீறலாம். அவங்களுக்கு வழி வேற.

உடம்பு தேறிடுச்சு, பயம் தேறலை. எச்.ஐ.வி. தொத்தினா ரெண்டுலேருந்து நாலு வாரத்துல காய்ச்சல், தொண்டை வலி, தோல்ல தடிப்பு, கழுத்துல கட்டி வரலாம். இது தெரிஞ்சதிலேருந்து தினமும் கண்ணாடி முன்னாடி கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். வேர்வைக் கொப்புளத்தைக்கூட போட்டோ எடுத்து வச்சேன். ஒரு நாள்ல எட்டு தடவை தெர்மாமீட்டர் வச்சேன். இதை மாத்திரையோட பக்கவிளைவுன்னு எந்த அட்டையிலயும் போட மாட்டாங்க. ஆனா என்னை அதிகமா படுத்தினது இதுதான். நிஜமாவே காய்ச்சலோ தடிப்போ கண்ணு மஞ்சளோ வந்தா கூகுள்கிட்ட கேட்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும். அது இல்லாதப்ப தேடிக்கிட்டே இருக்கக் கூடாது. ஏதாவது கண்டிப்பா கிடைச்சுடும்.

பதினேழாவது நாள். அப்பா தறி ஓட்டுறவர், விடியற்காலையிலயே கிளம்பிட்டார். மாத்திரை டப்பாவை ஆட்டினா கலகலன்னு சத்தம் வரும்னு நான் உள்ளே பஞ்சு அடைச்சு, துணிக்கு அடியில வச்சிருந்தேன். அம்மா அதைக் கையில வச்சுக்கிட்டுச் சமையல் கட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தாங்க.

"எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கு?"

எனக்கு முதல்ல புரியவே இல்லை. அப்புறம்தான் உறைச்சுச்சு. கல்யாணம் ஆகாத பொண்ணு, காலையில வாந்தி, ஒளிச்சு வச்ச மாத்திரை. ரெண்டு வாரமா அம்மா ஒண்ணும் கேட்காம இதையே நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

சொன்னேன். ஊசி, அந்த ஆள், 72 மணி நேரம், எல்லாம். எச்.ஐ.வி.ங்கிற வார்த்தையை எங்க வீட்டுக்குள்ள முதல் தடவையா சொன்னேன்.

"அந்த ஆளுக்கு இருந்துச்சா?"

"தெரியாதும்மா."

"தெரியாததுக்கா இப்படி வாந்தி எடுக்கிற?"

அஞ்சாவது நாள் நானே என்கிட்ட கேட்ட அதே கேள்வி. அம்மாவுக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கும் பதில் வந்துச்சு. "தெரிஞ்சுக்க வழியில்லை, அதனாலதாம்மா. மூணு பேர்ல ஒருத்தியா நான் இருந்தா, அப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது? அப்பவும் இதே மாத்திரைதான், ஆனா ஆயுசு முழுக்க."

அம்மா ஒண்ணும் சொல்லலை. எழுந்து போய் அடுப்புல தோசைக் கல்லைப் போட்டாங்க. "சாப்பிட்டுட்டுதானே போடணும்? உட்காரு." அவ்வளவுதான். அழுகை, திட்டு எல்லாம் சாயங்காலம் வந்துச்சு. ஆனா மறுநாளிலிருந்து எட்டு மணிக்குத் தட்டு வச்சு, பக்கத்துல மாத்திரையையும் வச்சுடுவாங்க. அதுக்கப்புறம் தெர்மாமீட்டர் தொடலைன்னு சொன்னா பொய். குறைஞ்சுச்சு.

கிருத்திகை 27 நாளுக்கு ஒரு தடவை வரும். ஆடிக் கிருத்திகை ராத்திரி முதல் மாத்திரை போட்டேன்ல? 28ஆவது மாத்திரை அடுத்த கிருத்திகை அன்னிக்கு விழுந்துச்சு. எங்க வீட்டுல கிருத்திகைக்கு எல்லாரும் விரதம். அம்மா அன்னிக்குத் தான் பட்டினி இருந்துக்கிட்டு எனக்கு மட்டும் நாலு இட்லி வேக வச்சாங்க. "உன் விரதத்தையும் சேர்த்து நான் இருந்துக்கிறேன், நீ சாப்பிடு." சாப்பிட்டேன். போட்டேன். டப்பாவுல மூணு மாத்திரை மிச்சம். முதல் மாத்திரை எமர்ஜென்சியில கொடுத்ததுல்ல, அதான். மிச்சத்தை மையத்துல திருப்பிக் கொடுத்துட்டேன். யாருக்கும் பகிர்ந்து கொடுக்கிற மருந்து இல்லை அது.

ஆறாவது வாரம், மூணாவது மாசம், ஆறாவது மாசம் டெஸ்ட். மூணும் நெகட்டிவ். அதுவரைக்கும் ரத்த தானம் கிடையாது. துணை இருக்கிறவங்கன்னா ஆணுறை இல்லாம கூடாது. மாத்திரைதான் என்னைக் காப்பாத்துச்சான்னு கேட்டா எனக்குத் தெரியாது. போடாமலேயே நெகட்டிவா இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கேள்விக்கு இனி பதிலே கிடையாது, அப்படி ஒரு கேள்வியோட வாழ முடியறதே எனக்குப் போதும்.

கடைசியா உங்களுக்கு. இது நர்ஸுக்கு மட்டும் உள்ள மருந்து இல்லை. ஆணுறை கிழிஞ்சிருக்கலாம், யாராவது பலாத்காரம் பண்ணியிருக்கலாம், வேற ஒருத்தர் போட்ட ஊசி உங்க மேல பட்டிருக்கலாம். காரணம் எதுவா இருந்தாலும் கடிகாரம் ஒண்ணுதான், 72 மணி நேரம். வெட்கப்பட்டு விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கோ ஏ.ஆர்.டி. மையத்துக்கோ போங்க. எங்க போறதுன்னு தெரியலைன்னா 1097, கட்டணம் இல்லாத நம்பர். உங்க விஷயத்தை உங்க சம்மதம் இல்லாம வெளியில சொல்லக் கூடாதுன்னு அதே 2017 சட்டம் சொல்லுது.

போட ஆரம்பிச்சா ஒரு ஆள்கிட்டயாவது சொல்லுங்க. குமட்டினா, தூக்கம் வரலைன்னா, மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்துட்டா, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, நீங்களா எதையும் சேர்க்காதீங்க. போன் பண்ணிக் கேளுங்க. பெரும்பாலும் நேரத்தை மாத்தினாலே சரியாகுற விஷயமா இருக்கும். முடியவே முடியலைன்னா மாத்திரையையே மாத்திக் கொடுக்க வேற வழி இருக்கு. அதையும் டாக்டர்தான் பண்ணணும்.

இப்ப நான் வேற ஆஸ்பத்திரியில இருக்கேன். டியூட்டிக்குப் போனதும் முதல்ல ஊசி போடுற டப்பா நிரம்பியிருக்கான்னு பார்ப்பேன், அப்புறம் எமர்ஜென்சி அலமாரியில அந்த மாத்திரை இருக்கான்னு பார்ப்பேன். புதுசா வர்ற பொண்ணுங்க "எதுக்கு அக்கா தினமும்?"னு கேட்பாங்க. இந்த எபிசோட் வந்ததும் லிங்க் அனுப்பிடலாம்னு இருக்கேன். பேர் சொல்லலையே, கண்டுபிடிக்கட்டும்.